கம்பியில் குத்திய மழைநாட்கள்

விதை நெல் வியாபாரத்தில் சரக்கு கம்பெனியுடையது, நிலம் வாங்குபவருடையது, வானம் யாருடையதும் இல்லை. பழி மட்டும் கடைக்காரனுடையது.

பூந்தமல்லியில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பந்தல் போடுபவர்கள், ஐஸ் விற்பவர்கள், அப்பளம் காய வைப்பவர்கள் என்று வானத்தைப் பார்த்துக் கடை திறக்கிற எல்லோருக்கும் என் பாடு புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம். சித்திரையில் போட்டால் சொர்ணவாரி, ஆவணி வாக்கில் போட்டால் சம்பா, மார்கழியில் போட்டால் நவரை. மண் அதே மண், தண்ணீர் அதே ஏரித் தண்ணீர். ஆனால் ஒன்றை வெயில் கெடுக்கும், ஒன்றை மழை கெடுக்கும், ஒன்றைப் பனி இழுத்தடிக்கும். காவிரிப் பக்கத்துக்கு எழுதின பட்டியலைக் கொண்டுவந்து இங்கே விதைத்தால் பட்டியல்தான் மிஞ்சும்.

கதிர் வராத கோடை

பட்டாபிராமில் ஒருவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அப்பால் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, பழைய ரகம்தான் போடுவேன் என்று வந்து நின்றார். கொடுத்தேன். எப்போது விதைப்பீர்கள் என்று கேட்கவில்லை. கடையில் கூட்டம். எனக்கு அதிகம் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. அவர் அதிகம் பேசுகிறவர். என் தப்புதான்.

மனிதர் சித்திரையில் விதைத்துவிட்டார். பயிர் இடுப்பு உயரம் வந்தது. மார்பு உயரம் வந்தது. கதிர் மட்டும் வரவில்லை. ஆடியும் போய்விட்டது. அரிந்த தாள் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மேஜை மேல் போட்டு, புல் விதையை விற்றுவிட்டாய் என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அந்தப் பழைய ரகங்கள் பகல் நீளமாக இருக்கிறவரை கதிர் விடாது. பகல் குறுகி, பொழுது சீக்கிரம் சாய்கிற ஐப்பசிக்குத்தான் அதற்கு நினைவு வரும். சித்திரையில் போட்டாலும் அதுதான், ஆடியில் போட்டாலும் அதுதான். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், உரம் வாங்க வந்திருந்த கன்னியம்மா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். நசரத்பேட்டைக்கு உள்ளே ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் பயிர் வைக்கிறவள். பாதியை மாட்டுக்கு அறுத்துப் போடுங்க, பாதியை விட்டு வைங்க, தீபாவளி கழிச்சுப் போய்ப் பாருங்க என்றாள். அவ்வளவுதான். உர மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கார்டு கார்த்திகையில் மறுபடி வந்தார். கையில் ஒரே ஒரு கதிர், நல்ல நீளம். சத்தம் எல்லாம் போய்விட்டது. என்னைப் பார்க்காமல் கதிரைப் பார்த்தே சொன்னார்: "வண்டி கரெக்ட் டயத்துக்குத்தாங்க வந்திருக்கு. நான்தான் ஆறு மாசம் முன்னாடியே பிளாட்பாரத்துல போய் நின்னுட்டேன்."

பை சொன்ன நாள்

இந்தக் கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தைந்து இருக்கும். வீட்டுக்காரர் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நிலம் அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. பாடுபடுவது இவள். பக்கத்து ஒரு ஏக்கர் காதர் பாயுடையது. பாய்க்குத் தொழில் மெத்தை தைப்பது. நெல் அவருக்கு ஆசை.

போன வருடம் நவரைக்கு இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே விதையை என்னிடம் வாங்கிப் போனார்கள். நூற்றைந்து நாள் ரகம். பையின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பாய் அந்தப் பையைத் தன் மெத்தைக் கடைச் சுவரில் மாட்டி நாள் எண்ணியிருக்கிறார். நூற்றைந்தாம் நாள் அறுவடை மெஷினை வரச் சொல்லிவிட்டார். மெஷின்காரன் வந்து இறங்கி ஒரு மணியை நசுக்கிப் பார்த்தான். பால் வந்தது. திட்டிவிட்டுப் போய்விட்டான். அன்று சாயங்காலமே பாய் என் கடைக்கு வந்து பையை விரித்து வைத்து, அண்ணாத்தே, இதுல இன்னா எழுதிக் கீது படி, என்றார்.

கன்னியம்மாவும் கூடவே வந்திருந்தாள், வேடிக்கை பார்க்க. அவள் மெஷினுக்குச் சொல்லவே இல்லை. பதினைந்து நாள் தள்ளித்தான் சொல்லி வைத்திருந்தாள். மார்கழியிலும் தையிலும் ராத்திரிக் குளிருக்கு நாற்று வளராது, பச்சைகூடப் பிடிக்காமல் மஞ்சளாகவே நிற்கும், அந்த நாளெல்லாம் கணக்கில் சேராது என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பாய் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவள் பையை மடித்து பாய் கையிலேயே கொடுத்தாள்: "இத்த எழுதினவன் எந்த ஊர்ல கீறானோ. ஒரு தபா மார்கழில நம்ம வரப்புல வந்து படுத்துப் பாக்கச் சொல்லு பாய், அவனும் காலையில லேட்டாத்தான் எந்திரிப்பான்."

தொங்கிய கம்பி

அதற்கடுத்த ஆவணியில்தான் விஷயம் முற்றியது. முந்தின சம்பாவில் எல்லோரையும்போல ஆவணியிலேயே விதைத்து, அவளுக்குப் பாதி பதர். பூக்கிற நேரத்தில் மழை. அவள் கொழுந்தன் லாரி வைத்திருக்கிறான். பெங்களூர் ரோட்டை ஒட்டி லாரி நிறுத்த இடம் இல்லாமல் அலைகிறவன். அண்ணனிடம் சொல்லிவிட்டான்: இன்னும் ஒரு போகம் பார்ப்பது, அதுவும் பதரானால் தை கடைசியில் கிராவல் கொட்டி நிலத்தை லாரி ஷெட் ஆக்கிவிடுவது. அண்ணனும் தலையாட்டிவிட்டார். இதை அவள் என்னிடம் சொன்னபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விதையைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

நான் வழக்கம்போல அவசரப்பட்டேன். நூற்றைந்து நாள் ரகத்தைப் போடு, இப்போதே போடு, பொங்கலுக்கு முன்னால் அறுத்து எடு, நிலம் தப்பும் என்றேன். பாய் சரி என்று அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு போனார். கன்னியம்மா நகரவில்லை. நூற்று முப்பத்தைந்து நாள் ரகம் வேண்டும், அதையும் புரட்டாசி பிறந்த பிறகுதான் விதைப்பேன் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீளமான ரகம், அதுவும் தாமதமாக. நிலமே போகப்போகிறது, இவள் சாவகாசமாகக் கேட்கிறாள் என்று சத்தம் போட்டேன்.

அவள் கூடையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தாள். கடைகளில் பில் குத்தித் தொங்கவிடுவோமே, அந்தக் கம்பி. அதில் தினசரி காலண்டர் தாள்கள். மழை பெய்த நாளின் தாளைக் கிழித்ததும் எறியாமல் இதில் குத்தி வைத்திருக்கிறாள். பல வருடத் தாள். மாத வாரியாகப் பிரித்து, நடுவில் பழைய அட்டைத் துண்டு. ஐப்பசி ஒரு கை தடிமன். கார்த்திகை அதைவிடத் தடிமன். திருக்கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் மெலிந்துகொண்டே வந்து, மார்கழி நடுவில் நாலைந்து தாள், அவ்வளவுதான். தேநீர் ஆறிப்போகும்வரை நான் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வானிலைக்காரர்கள் சொல்வதை நானும் டிவியில் பார்க்கிறேன். அவர்கள் மாநிலத்துக்குச் சொல்கிறார்கள். இது இரண்டு ஏக்கருக்கு எழுதினது.

உலகத்தில் எல்லோரும் விதைத்த நாளிலிருந்து முன்னால் எண்ணுவார்கள். அவள் பூக்கிற நாளை முதலில் வைத்துக்கொண்டு பின்னால் எண்ணுகிறாள். பூ மார்கழி நடுவில் வர வேண்டும் என்றால் விதை புரட்டாசியில் விழ வேண்டும், ரகம் நீளமாக இருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு பையை எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை, கெட்டுப்போனால் என் மேல் பழி போடாதே என்றேன். அவள் கம்பியைக் கூடைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "மழ எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது நைனா. எப்போ பூடும்னு எனக்குத் தெரியும்."

பாய் வெட்டிய வரப்பு

கார்த்திகை இரண்டாவது வாரம் புயல் சின்னம். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் மழை விட்டதும் நான் ஆட்டோ பிடித்து நசரத்பேட்டை போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். விற்ற சரக்கைப் பார்க்கப் போகிற கடைக்காரன் நிம்மதியாகத் தூங்காதவன்.

பாய் வயலில் பயிர் சரியாகப் பூவில் இருந்தது. என் யோசனைப்படி விதைத்தது. நெல் பூ காலையில் கொஞ்ச நேரம்தான் வாய் திறக்கும். அந்த நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். பாய் ஒரு கதிரை விரலால் உருவினார். பாதிக்குப் பாதி சப்பை. மீதி இருந்தால் அதிர்ஷ்டம் என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கன்னியம்மா பயிர் இன்னும் தூர் கட்டிக்கொண்டிருந்தது. பூவே இல்லை, அதனால் மழை அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தண்ணீர் செய்துவிடும் போலிருந்தது. வயல் முழுக்க வெள்ளம், இலை நுனி மட்டும் வெளியே. வழக்கமாகத் தண்ணீர் போகிற வடிகால் அடைந்து கிடந்தது. வடக்குப் பக்கத்து மனையில் யாரோ கிராவல் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். தண்ணீர் போக இருந்த வேறு வழி ஒன்றே ஒன்று, பள்ளத்தில் இருக்கிற பாய் வயல் வழியாக ரோட்டுப் பாலத்தடிக்கு. அப்படி விட்டால் பாய் வயலில் நிற்கிற பயிர் சாய்ந்து, மிச்சப் பாதியும் போகும். கன்னியம்மா அதைக் கேட்கவே இல்லை. பானையால் மொண்டு மொண்டு ரோட்டுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தாள். இரண்டு ஏக்கர் வெள்ளத்தை ஒரு பானையால்.

பாய் கொஞ்ச நேரம் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை எடுத்து, இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்த தன் வரப்பை அவரே வெட்டினார். அவள் வேணாம் பாய், வேணாம் என்று ஓடி வந்தாள். தண்ணீர் அதற்குள் திபுதிபுவென்று இறங்க ஆரம்பித்துவிட்டது. பாய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "என் ஊட்டுக் கல்யாணம் மழையில நின்னுபோச்சும்மா. உன் ஊட்டுக் கல்யாணமாவது நடக்கட்டும், நகரு."

பத்து மணிப் பூ

மார்கழி பத்தொன்பது. தேதி நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று கடையைத் திறக்காமல் போனேன். நாற்பது வருடத்தில் இது எத்தனையாவது முறை என்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

எனக்குப் பயம் வேறு மாதிரி. மழை இல்லை, ஆனால் பனி. காலையில் சாலையில் எதிரில் வருகிற பஸ் தெரியவில்லை. அந்த மாதிரிப் பனியில் கதிரின் கழுத்தில் குலைநோய் விழும். விழுந்தால் கதிர் வெளுத்து ஒடியும். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனேன். கன்னியம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை யூரியா போட்டாய் என்று கேட்டேன். நீ சொன்னதில் முக்கால்தான் என்றாள். பயிர் கருகரு என்று கொழுத்துக் கிடந்தால்தான் நோய்க்குப் பிடிக்குமாம், அதனால் குறைத்துக்கொண்டாளாம். பத்து கதிரின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். சுத்தம். பாட்டிலைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் பனி விலகியது. வெயில் வந்தது, சுடாத வெயில். பத்து மணி வாக்கில் ஒவ்வொரு மணியாக வாய் பிளந்து, மகரந்தம் வெள்ளையாகத் துளித் துளியாக வெளியே தொங்கியது. நாற்பது வருடமாக விதை விற்கிறேன். நெல் பூ திறப்பதை நின்று பார்த்தது அன்றுதான். மழை இல்லை, காற்று இல்லை. பகலில் இளவெயில், ராத்திரி குளிர். இனி மணி அவசரமில்லாமல் நிதானமாகப் பால் பிடித்து முற்றும். சித்திரை வெயிலில் ஓடி ஓடி முற்றுகிற நெல்லுக்கு இந்த எடை வராது. வருடத்தில் இந்தப் பதினைந்து நாள்தான் எங்கள் ஊர் வானம் நெல்லிடம் அன்பாக இருக்கிறது. அந்தப் பதினைந்து நாளுக்குள் பூவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். எதை வைத்து? காலண்டர் தாளை வைத்து.

நல்லா வந்திருக்கு என்று சொன்னேன். நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அவள் வயலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை: "சத்தமா சொல்லாத நைனா. மொதல்ல பூ மூடட்டும், அப்பால பேசிக்கலாம்."

மெஷின் இறங்கிய நாள்

தை கடைசியில் அறுவடை. கொழுந்தன் காலையிலேயே வந்துவிட்டான். அவனோடு கிராவல்காரன் ஒருவனும் வந்து ரோட்டில் பைக்கில் உட்கார்ந்திருந்தான், நிலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போக. கன்னியம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாயும் வந்திருந்தார். அவர் வயலில் மிஞ்சியது மாட்டுக்குத்தான் போனது.

மெஷின் நாலு சுற்று வந்து தார்ப்பாயில் நெல்லைக் கொட்டியது. நான் ஒரு கை அள்ளி ஊதினேன். பதர் பறந்தால் தெரியுமே. நாலு தூசி பறந்தது. மறுபடி ஊதினேன். நெல் கையிலேயே கனமாகக் கிடந்தது. கொழுந்தன் எனக்கு எதிரில் வந்து அவனும் ஒரு கை அள்ளி ஊதினான். இன்னொரு கை அள்ளினான். பிறகு ரோட்டுக்குப் போய் பைக்கில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். பைக் கிளம்பிப் போய்விட்டது. அப்போதுதான் கன்னியம்மா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். வேர்வை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாலு மூட்டையைக் கட்டியதும் அவள் அதை வீட்டுக்கு ஏற்றவில்லை. வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றி பாய் வீட்டுக்கு அனுப்பினாள். நோன்பு வருது, கஞ்சிக்கு இருக்கட்டும் என்றாள். பாய் வேண்டாம் என்றார். அன்னைக்கு நீ வரப்பு வெட்டினப்போ நான் வேணாம்னு சொன்னேனே, நீ கேட்டியா என்றாள் அவள். ஆட்டோ போய்விட்டது.

நான் கிளம்பும்போது கொழுந்தன் அண்ணியிடம் வந்து நின்றான். லாரிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன், அந்த வடிகாலையும் நானே ஆள் வைத்துத் தோண்டி விடுகிறேன் என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் அதோடு விட்டிருக்கலாம். என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அண்ணியிடம் சொன்னான்: "ஆனா ஒண்ணு அண்ணி. அடுத்த வருசமும் அந்தக் கம்பியக் கேட்டு வெத. இந்த வெதக்கடப் பெரியவரக் கேட்டு வெதச்சே, நான் லாரியக் கொண்டாந்து நடுவுல நிறுத்திடுவேன்."

இந்த வருடம் என் கடையிலும் ஒரு தினசரி காலண்டரும் பக்கத்தில் ஒரு கம்பியும் தொங்குகின்றன. கேட்பவர்களிடம் அது பில் குத்துகிற கம்பி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.